பஸ் செல்லின் பைக்குள்

குடுபல்லியிலிருந்து சித்தப்பா வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். குப்பத்தில் ஒரு லேபில் எடுத்த சிறுநீர்ச் சோதனைச் சீட்டு. புரதம் இலேசாக. சர்க்கரை இல்லை. லூக்கோசைட் இரண்டு பிளஸ். நைட்ரைட் இல்லை. அதற்குக் கீழே, மைக்ரோஸ்கோப்பில் பார்த்ததாக ஒரு வரி: பஸ் செல்ஸ் 12–15. அந்த வரியை மட்டும் யாரோ பேனாவால் சுழித்திருந்தார்கள்.

படம் வந்த சூட்டோடு போனும் வந்தது.

“பஸ்ஸு செல்லுன்னா இன்னாடா? சீழுன்றான் லேப் பையன். கிட்னில சீழ் வெச்சிருக்குதா எனக்கு?”

குடுபல்லி தெரியாதவர்களுக்கு: சென்னையிலிருந்து பெங்களூரு போகும் ரயில் பாதையில், குப்பத்துக்கு அடுத்த நிலையம். ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டம். தமிழ்நாடும் கர்நாடகமும் கூப்பிடு தூரம். கடைப் பலகை தெலுங்கில் இருக்கும், பல வீடுகளில் பேச்சு தமிழில் இருக்கும். உடம்புக்கு முடியவில்லை என்றால் முதலில் குப்பம், அங்கேயே பி.இ.எஸ். மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அதற்கும் மேல் என்றால் ஒரு பக்கம் திருப்பதி சுவிம்ஸ், இன்னொரு பக்கம் காட்பாடியில் இறங்கி வேலூர் சி.எம்.சி. சித்தப்பா அதுவரை இந்த மூன்றில் எதற்கும் போகவில்லை. மருந்துக் கடையில் சீட்டைக் காட்டி ஐந்து நாளைக்கு ஆன்டிபயாட்டிக் வாங்கிவிட்டார். அதன் பிறகுதான் எனக்குப் போன்.

நான் டாக்டர் இல்லை. லேபில் பல வருடம் மைக்ரோஸ்கோப்பில் குனிந்திருந்தவன். அதனால் அந்தச் சீட்டில் சுழித்த வரியைவிட, அதற்கு மேலே இருந்த ‘லூக்கோசைட் இரண்டு பிளஸ், நைட்ரைட் இல்லை’ என்பதில்தான் எனக்குக் கண் நின்றது.

சிறுநீரில் முக்கி எடுக்கும் பிளாஸ்டிக் பட்டையைப் பார்த்திருப்பீர்கள். விரல் அகலம்கூட இருக்காது, வரிசையாகப் பத்துச் சதுரங்கள். முக்கி, ஓரத்தை டிஷ்யூவில் தொட்டு, டப்பாவின் மேல் அச்சடித்த நிறங்களோடு ஒப்பிட வேண்டும். பெரும்பாலான சதுரங்கள் ஒரு நிமிடத்துக்குள் பேசிவிடும். லூக்கோசைட் சதுரம் மட்டும் இரண்டு நிமிடம் கேட்கும். அவசரக்கார லேபில் அந்த இரண்டு நிமிடம் கிடைப்பதில்லை என்பது வேறு கதை. காத்திருந்தால், வெள்ளையாக இருந்த சதுரம் மெல்ல ஊதாவாகும்.

அந்த ஊதா எங்கிருந்து வருகிறது? சதுரத்தில் ஒரு ரசாயனம் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. ரத்தத்தின் வெள்ளணுக்களுக்குள் இருக்கும் எஸ்டரேஸ் என்ற நொதி, அதாவது என்சைம், அந்தப் பூட்டை அறுக்கும். விடுபட்ட துண்டு பக்கத்தில் உள்ள சாயத்தோடு சேர்ந்து ஊதாவாகும். ஆக, பட்டை அணுக்களை எண்ணுவதில்லை. அணு கொண்டுவந்த நொதி வேலை செய்கிறதா என்று பார்க்கிறது. அணு வெடித்துக் கரைந்து போயிருந்தாலும் நொதி மிதந்துகொண்டிருக்கும். மைக்ரோஸ்கோப்பில் ஒன்றும் தெரியாது, சதுரம் மட்டும் ஊதாவாகும். நோய் எதிர்ப்பு அணுவின் நொதியும் சிறுநீரகமும் என்றால் ஏதோ ஆராய்ச்சிக் கூடத்து விஷயம் என்று தோன்றும். குப்பத்திலும் வாணியம்பாடியிலும் தினமும் காலை ஏழு மணிக்கு நடக்கிற சோதனை அது.

இனி சித்தப்பாவின் கேள்வி. பஸ் செல் என்பது சீழணு. சீழில் நிறைந்து கிடப்பதால் அந்தப் பெயர். ரத்தத்தில் ஓடும்போது அதற்கு நியூட்ரோபில் என்று பெயர். நம் வெள்ளணுக்களில் பாதிக்கு மேல் இவைதான். எலும்பு மஜ்ஜை ஒரு நாளைக்குப் பத்தாயிரம் கோடி அளவில் இவற்றைத் தயாரித்து அனுப்புகிறது. ஆயுசு குறைவு. முள் குத்தினாலும், கிருமி நுழைந்தாலும், ரத்த ஓட்டம் தடைபட்டுத் திசு செத்தாலும் முதலில் ஓடி வருவது இதுதான்.

ஓடி வருவது வெறுங்கையோடு இல்லை. ஒவ்வொரு நியூட்ரோபிலுக்குள்ளும் நுண்ணிய பைகள் நிறைய. பைகளுக்குள் நொதிகள். அதில் மூன்று பேரைத் தெரிந்துகொண்டால் போதும்: மைலோபெராக்சிடேஸ், எலாஸ்டேஸ், புரோட்டினேஸ் 3.

முதலாமவர்தான் கதாநாயகர். காய்ந்த எடையில் பார்த்தால் நியூட்ரோபிலில் நூற்றுக்கு ஐந்து பங்கு இந்த ஒரு நொதி. சீழ் ஏன் பச்சையாக இருக்கிறது என்று யோசித்ததுண்டா? சளி பழுத்தால் ஏன் பச்சை? இந்த நொதியின் நடுவில் இரும்பைப் பிடித்திருக்கும் வளையம் பச்சை நிறம் காட்டும். 1941இல் சுவீடனின் ஷெல் ஆக்னர், காசநோயாளிகளின் நெஞ்சுக்கூட்டில் கட்டியிருந்த சீழை வாங்கி, அதிலிருந்துதான் இதைப் பிரித்தெடுத்தார். பச்சை என்ற பொருளில் வெர்டோபெராக்சிடேஸ் என்று முதலில் பெயரும் வைத்தார்.

இதன் வேலை என்ன? ஊரில் டேங்கைக் கழுவிவிட்டு பிளீச்சிங் பவுடர் போடுவார்களே, மறுநாள் குழாய்த் தண்ணீரில் ஒரு நெடி அடிக்கும். அந்தப் பவுடர் தண்ணீரில் கரைந்து கிருமியைக் கொல்வது ஹைப்போகுளோரஸ் அமிலமாக மாறித்தான். நியூட்ரோபில் அதே அமிலத்தைத் தனக்குள் சமைக்கிறது. ஆக்சிஜனை முதலில் ஹைட்ரஜன் பெராக்சைடாக்க ஒரு நொதி. அந்தப் பெராக்சைடையும் உடம்பில் எங்கும் இருக்கும் உப்பின் குளோரைடையும் சேர்த்து அமிலமாக்க மைலோபெராக்சிடேஸ். விழுங்கிய கிருமியை ஒரு பையில் அடைத்து, அதற்குள் இதை ஊற்றிவிடும்.

இதைச் சொன்னபோது சித்தப்பா நம்பவில்லை. “அப்போ என் ரத்தத்துல பிளீச்சிங் பவுடர் ஓடுதுன்ற.”

ஓடுவதில்லை. வேண்டிய இடத்தில், வேண்டிய நொடியில், மூடிய பைக்குள் தயாராகிறது. பை மூடியிருக்கும் வரை பிரச்சினை இல்லை.

எலாஸ்டேஸும் புரோட்டினேஸ் 3ம் வேறு ஜாதி. இவை கத்தரிக்கோல்கள். புரதத்தை வெட்டும். கிருமியின் புரதம், நம் புரதம் என்ற வித்தியாசம் கத்தரிக்கோலுக்குத் தெரியாது. அதனால் இவற்றை அடக்கிவைக்க, கல்லீரல் ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் என்றொரு காவல் புரதத்தை ரத்தத்தில் விட்டிருக்கிறது. பையிலிருந்து சிந்தும் கத்தரிக்கோலைப் பிடித்து மடக்கிவிடும். இங்கேதான் ஒரு வம்பு. மைலோபெராக்சிடேஸ் சமைத்த அமிலம் இந்தக் காவலாளியின் பிடியைக் கெடுத்துவிடும். ஒருவர் காவலாளியின் கையைக் கட்டுகிறார், மற்றவர் வெட்டுகிறார். கிருமியோடு சண்டை நடக்கும் இடத்தில் இது நல்ல உத்தி. அடுத்த வீட்டுச் சுவரில் நடந்தால் என்ன ஆகும்?

சிறுநீரகம் அப்படிப்பட்ட வீடு. இதயம் தள்ளும் ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, கையளவே உள்ள இரண்டு உறுப்புகளுக்குப் போகிறது. ஒவ்வொன்றிலும் சுமார் பத்து லட்சம் வடிகட்டிகள். ஒவ்வொரு வடிகட்டியின் தலையிலும் மயிரிழையைவிட மெல்லிய ரத்தக் குழாய்கள் நூல்கண்டாகச் சுற்றிய ஒரு முடிச்சு, குளோமருலஸ் என்பார்கள். நாளொன்றுக்கு 180 லிட்டர் வடிகிறது. அதைத் திரும்ப உறிஞ்சிக்கொண்டு ஒன்றரை லிட்டரைத்தான் வெளியே விடுகிறோம். இவ்வளவு ரத்தம் இவ்வளவு குறுகலான சந்துக்குள் போனால், ரத்தத்தில் வரும் வம்பெல்லாம் அங்கேயே தங்கும்.

இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்த காரணம். அந்த முடிச்சின் சல்லடைக்கு எதிர்மின் ஏற்றம் உண்டு. ரத்தத்தின் புரதங்களைத் தள்ளிவிடுவதற்கு அந்த ஏற்பாடும் ஒத்தாசை செய்கிறது. மைலோபெராக்சிடேஸுக்கோ பலமான நேர்மின் ஏற்றம். காந்தத்தில் ஆணி ஒட்டுவதுபோலப் போய் ஒட்டிக்கொள்ளும். 1987இல் அமெரிக்காவில் ஒரு குழு எலிகளில் இதைச் சோதித்தது. சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக் குழாயில் மைலோபெராக்சிடேஸை மட்டும் செலுத்தினார்கள். பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. ஹைட்ரஜன் பெராக்சைடை மட்டும் செலுத்தினார்கள்; அப்போதும் பெரிதாக ஒன்றுமில்லை. முதலில் நொதி, பின்னால் பெராக்சைடு என்று செலுத்தியபோது சல்லடை கிழிந்து எலியின் சிறுநீரில் புரதம் கொட்டியது. நியூட்ரோபில் இரண்டையும் சேர்த்தே கொண்டுவருகிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்தில் இது கண்ணுக்குத் தெரிகிற இடம் பிள்ளைகளின் சிரங்கு. காலில் சிரங்கு வந்து, சொறிந்து புண்ணாகி, அது ஆறியும் போயிருக்கும். சில வாரம் கழித்துக் காலையில் எழுந்தால் முகம் உப்பியிருக்கும், சிறுநீர் கோலா நிறத்தில் போகும். ‘சிரங்கு வந்தது போன மாசம், இப்ப எதுக்கு இது?’ என்று தாய் குழம்புவாள். புண்ணில் இருந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி சிறுநீரகத்துக்குப் போகவே இல்லை. கிருமியின் துண்டும் அதற்கு எதிராக உடம்பு செய்த புரதமும் சேர்ந்து முடிச்சில் படிந்துவிட்டன. அதைப் பார்த்து நியூட்ரோபில்கள் கூட்டமாக நுழைந்து பைகளைத் திறந்துவிட்டன. அந்த வேளையில் ஊசி போட்டுச் சிறுநீரகத் துணுக்கு எடுத்துப் பார்த்தால், முடிச்சு முழுக்க நியூட்ரோபில்கள் அடைத்துக்கொண்டிருப்பது தெரியும். பெரும்பாலான பிள்ளைகள் உப்பையும் நீரையும் குறைத்து, ரத்த அழுத்தத்தைக் கவனித்தால் சில வாரங்களில் தேறிவிடுவார்கள். எந்தக் கிருமியும் சிறுநீரகத்தைத் தொடாமலேயே சிறுநீரகம் அடி வாங்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது.

சில பேருக்கு வம்பு இன்னும் தலைகீழாகும். உடம்பு தன் நொதிக்கே எதிரியாகிவிடும். மைலோபெராக்சிடேஸுக்கோ புரோட்டினேஸ் 3க்கோ எதிராக ஆன்டிபாடி சுரந்துவிட்டால், அவை நியூட்ரோபிலின் மேல் ஒட்டி, கிருமி எதுவும் இல்லாதபோதும் ‘தாக்கு’ என்று உசுப்பிவிடும். அன்கா வாஸ்குலைட்டிஸ் என்று பெயர். அந்த ஆன்டிபாடிகளில் ஒன்று குறிவைப்பது மைலோபெராக்சிடேஸை என்று 1988இல் ரொனால்ட் ஃபாக், சார்லஸ் ஜென்னட் இருவரும் காட்டினார்கள். ஆன்டிபாடி வெறும் அடையாளம்தானா, அதுவேதான் குற்றவாளியா என்ற சண்டை பல வருடம் நடந்தது. 2002இல் எலியில் விடை கிடைத்தது. மைலோபெராக்சிடேஸே இல்லாமல் வளர்த்த எலிக்கு அந்த நொதியை ஊசியாகப் போட்டார்கள். அதன் உடம்பு அதை அந்நியன் என்று நினைத்து ஆன்டிபாடி செய்தது. அந்த ஆன்டிபாடியை எடுத்துச் சாதாரண எலிக்குக் கொடுத்தார்கள். அதன் சிறுநீரக முடிச்சுகள் சிதைந்தன. நியூட்ரோபில்களை முன்கூட்டியே அகற்றிவிட்ட எலிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அடுத்து வந்த சோதனையில் தெரிந்தது. குற்றத்துக்கு ஆயுதம் வேண்டும். ஆயுதம் பைக்குள் இருந்தது.

அன்கா வியாதி அரிது. ஆனாலும் இங்கே எழுதக் காரணம் உண்டு. ஐம்பது அறுபது வயதில் விட்டுவிட்டுக் காய்ச்சல், எடை குறைவு, இருமலில் ரத்தம் என்று வந்தால் நம் ஊரில் முதலில் நினைப்பது டி.பி. நினைப்பதில் தப்பில்லை, டி.பி.தான் அதிகம். சளியில் கிருமி கிடைக்காமலேயே டி.பி. மாத்திரை போய்க்கொண்டிருக்கிறது, கூடவே சிறுநீர் சிவக்கிறது, சிறுநீரகம் மந்தமானால் ரத்தத்தில் தேங்கும் கிரியேட்டினின் வாராவாரம் ஏறுகிறது என்றால் யாராவது அன்கா சோதனை கேட்க வேண்டும். இந்த நோயில் நாள் கணக்கு முக்கியம். சைக்ளோபாஸ்பமைடு, ஸ்டீராய்டு வருவதற்கு முந்தைய காலத்தில் கடுமையான வகை வந்தவர்களில் பெரும்பாலோர் ஓராண்டைத் தாண்டவில்லை. இன்று ரிட்டுக்சிமாபும் இருக்கிறது. இங்கே மருந்து கிருமிக்கு எதிரானது இல்லை என்பதைக் கவனியுங்கள். நம் எதிர்ப்பு அணுக்களையே அடக்கிவைக்கிற மருந்து.

தைராய்டு அதிகமாகச் சுரப்பவர்களுக்குக் கொடுக்கும் புரோபைல்தையோயுராசில் மாத்திரை சிலருக்கு இந்த ஆன்டிபாடியைக் கிளப்பிவிடும். தைராய்டிலும் ஒரு பெராக்சிடேஸ் இருக்கிறது. மைலோபெராக்சிடேஸுக்கு அது பங்காளி. (இதைப் படித்துவிட்டு யாரும் தைராய்டு மாத்திரையைத் தானாக நிறுத்த வேண்டாம். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.)

நியூட்ரோபில் சாகிற விதத்திலும் ஒரு விசேஷம் இருக்கிறது. 2004இல் பெர்லினில் கண்டுபிடித்தார்கள். சில நியூட்ரோபில்கள் சாகும்போது தங்கள் டி.என்.ஏ.வையே உருவி, ஏரியில் வலை வீசுவதுபோல வெளியே வீசுகின்றன. சுருட்டி வைத்த டி.என்.ஏ.வைத் தளர்த்திக் கொடுக்க பேடு-4 என்றொரு நொதி. வலையின் கண்ணியெல்லாம் மைலோபெராக்சிடேஸும் எலாஸ்டேஸும் ஒட்டிக்கொண்டிருக்கும். கிருமி மாட்டும். கூடவே, வலை விழுந்த ரத்தக் குழாயின் உட்சுவரும் புண்ணாகும். அன்கா நோயாளிகளின் சிறுநீரகத் துணுக்குகளில் இந்த வலைகளை 2009இல் பார்த்துவிட்டார்கள்.

அப்படியானால் இந்த நொதிகள் இல்லாமலே இருந்தால் நல்லதா? இரண்டு விதமான மனிதர்கள் இதற்குப் பதில் சொல்கிறார்கள். பெராக்சைடு செய்யும் நொதி பிறவியிலேயே வேலை செய்யாத குழந்தைகளுக்குச் சின்னக் கிருமியும் பெரிய கட்டியாகும். கிரானுலோமா நோய் என்பார்கள், உயிருக்கே ஆபத்து. ஆனால் மைலோபெராக்சிடேஸ் மட்டும் இல்லாதவர்கள் சில ஆயிரம் பேருக்கு ஒருவர் என்று நம்மிடையே நடமாடுகிறார்கள். பெரும்பாலோர் தங்களுக்கு அது இல்லை என்பதே தெரியாமல் வாழ்ந்து முடிக்கிறார்கள். சர்க்கரையும் சேர்ந்தால் பூஞ்சைத் தொற்று வரலாம், அவ்வளவுதான். அதனால்தான் மைலோபெராக்சிடேஸை மட்டும் அடக்கும் மாத்திரை செய்ய மருந்து ஆராய்ச்சியாளர்களுக்கு ஆசை.

சித்தப்பா விஷயத்துக்கு வருகிறேன். சீட்டில் நைட்ரைட் இல்லை என்றிருந்தது. சிறுநீர்த் தொற்று உண்டாக்கும் கிருமிகளில் பல, சிறுநீரில் உள்ள நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றும். ஊதாச் சதுரம் ‘காவலாளி வந்திருக்கிறான்’ என்கிறது. நைட்ரைட் சதுரம் ‘திருடனும் இருக்கிறான்’ என்கிறது. திருடன் இல்லை என்று அது அடித்துச் சொல்லாது, எல்லாக் கிருமியும் நைட்ரைட் செய்வதில்லை. ஆனாலும் எரிச்சல் இல்லை, காய்ச்சல் இல்லை, நைட்ரைட் இல்லை என்றால் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். கல், சிறுநீரகக் காசநோய், மாத்திரை ஒவ்வாமை என்று கிருமி வளராத ‘பஸ் செல்’களுக்குப் பல காரணம் உண்டு.

“முட்டி வலிக்கு இன்னா போடற?”

“அதே மாத்திரைதான். காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. அதில்லாம கழனிக்குப் போக முடியுமா?”

ஏழெட்டு மாதமாக டைக்ளோஃபினாக். கூடவே ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை. கால் வீங்குகிறது என்று யாரோ சொன்னதால் நீர் பிரியும் மாத்திரையும். வெயிலில் நின்று வேர்க்கடலைக்குக் களை எடுக்கும் ஆள். தண்ணீர் குடிப்பது வீட்டுக்கு வந்த பிறகுதான்.

வலி மாத்திரைக்கும் நோய் எதிர்ப்பு நொதிக்கும் என்ன உறவு என்று பார்த்தால் அது நேர் உறவு. திசு அடிபட்டால் பாஸ்போலைப்பேஸ் என்ற நொதி அணுவின் சவ்விலிருந்து ஒரு கொழுப்பை வெட்டி எடுக்கும். சைக்ளோஆக்சிஜனேஸ் என்ற அடுத்த நொதி அதை புரோஸ்டாகிளாண்டினாக மாற்றும். வீக்கம், சிவப்பு, வலி எல்லாம் அதன் வேலை. ஆஸ்பிரின் இந்த இரண்டாவது நொதியை அடைத்துத்தான் வலியைக் குறைக்கிறது என்று ஜான் வேன் 1971இல் சொன்னார். 1982இல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர். டைக்ளோஃபினாக், இபுபுரோஃபென் எல்லாம் அதே பாதை.

சிக்கல் என்னவென்றால் சிறுநீரகமும் அதே நொதியை நம்பியிருக்கிறது. உடம்பில் நீர் வற்றும்போது ரத்தக் குழாய்கள் சுருங்கும். அப்போது வடிகட்டிக்குள் ரத்தம் நுழையும் வாசலைத் திறந்து வைத்திருப்பது புரோஸ்டாகிளாண்டின்தான். மாத்திரை போட்டால் முட்டியிலும் நொதி அடங்கும், வாசலும் சாத்திக்கொள்ளும். ரத்த அழுத்த மாத்திரைகளில் எனலாப்ரில், டெல்மிசார்டான் போன்றவை வடிகட்டியின் வெளிவாசலைத் தளர்த்திவிடும். நீர் மாத்திரை உள்ளே வரும் தண்ணீரையே குறைக்கும். மூன்றும் ஒரே ஆளின் சட்டைப் பையில் இருந்தால் வடிகட்டியில் அழுத்தமே நிற்காது. இது போதாதென்று, வலி மாத்திரைகள் சிலருக்குச் சிறுநீரகத் திசுவில் ஒவ்வாமை அழற்சியையும் கிளப்பும். டி செல்கள் முதலான வெள்ளணுக்கள் நுழைந்து, சிறுநீரில் ‘பஸ் செல்’ தெரியும், கல்ச்சர் வைத்தால் ஒன்றும் முளைக்காது.

இதே டைக்ளோஃபினாக் என்ன செய்யும் என்று நமக்குக் காட்டியவை பிணந்தின்னிக் கழுகுகள். மாட்டுக்குப் போட்ட ஊசி, செத்த மாட்டின் இறைச்சி வழியாகக் கழுகுக்குப் போனது. சிறுநீரகம் செயலிழந்து, உடம்பெல்லாம் யூரிக் அமிலம் வெள்ளையாகப் படிந்து கூட்டம் கூட்டமாக விழுந்தன. 2004இல் காரணம் தெரிந்தது, 2006இல் கால்நடைக்கு அந்த மருந்தை இந்தியா தடை செய்தது. இன்று தமிழ்நாட்டில் கழுகு பார்க்க வேண்டும் என்றால் மாயாறு பள்ளத்தாக்குக்குப் போக வேண்டும். மனிதச் சிறுநீரகம் கழுகினுடையதைவிடத் தாங்கும். அதற்காக ஏழெட்டு மாதம் சோதித்துப் பார்க்க வேண்டியதில்லை.

கழனி என்றதும் இன்னொன்று. சித்தூர்ப் பக்கத்து வேர்க்கடலைக் கொல்லைகளில் கண்ணாடி விரியனுக்குப் பஞ்சமில்லை. அதன் கடியில் சிறுநீரகம் நின்றுபோவதைக் கிராமத்தில் எல்லோரும் கேள்விப்பட்டிருப்பார்கள். அந்த விஷத்தில் இருப்பவையும் நொதிகள்தான். அதில் பாஸ்போலைப்பேஸ் ஏ2 என்று ஒன்று. நம் அழற்சித் திரவங்களில் சுரக்கும் பாஸ்போலைப்பேஸுக்கு அது ஒரே குடும்பம். பாம்பு புதிதாக ஒன்றையும் கண்டுபிடிக்கவில்லை. நம்மிடம் துளியாக இருப்பதைக் குடமாக வைத்திருக்கிறது. விஷ முறிவு மருந்துக்கு வேண்டிய விஷத்தை எடுத்துக் கொடுப்பது மாமல்லபுரம் பக்கத்து வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். முறிவு மருந்து ரத்தத்தில் ஓடும் விஷத்தைப் பிடிக்கும்; ஏற்கெனவே அடிபட்ட சிறுநீரகத்தைச் சரிசெய்யாது. மந்திரம், பச்சிலை என்று கழியும் ஒவ்வொரு மணிக்கும் விலை அதுதான்.

அடிபட்ட சிறுநீரகம் தேறுவதும் நொதிகளின் கையில்தான் என்பது ஆறுதல். நியூட்ரோபிலுக்குப் பின்னால் வரும் மேக்ரோபேஜ் என்ற பெரிய அணு, முதல் சில நாள் கோபத்தில் இருக்கும். அர்ஜினைன் என்ற அமினோ அமிலத்தை எடுத்து நைட்ரிக் ஆக்சைடாக மாற்றி வீசும். பிறகு அதே அர்ஜினைனை வேறொரு நொதி, அர்ஜினேஸ், எடுத்துக்கொண்டு திசுவை ஒட்டவைக்கும் வேலைக்குத் திருப்பும். ஒரே மாவு, இரண்டு சட்டி. எலிகளில் இந்த மாற்றத்தை நாள்வாரியாகப் பார்த்திருக்கிறார்கள். வடிகட்டியின் குழாய்ப் பகுதி திரும்ப முளைக்கக் கூடியது; முடிச்சு அப்படி முளைப்பதில்லை. அடி ஒருமுறையோடு நின்றால் தேறும். வாராவாரம் விழுந்தால் அந்த இடம் தழும்பாகிவிடும்.

தழும்பு முற்றினால் டயாலிசிஸ், இல்லையென்றால் மாற்றுச் சிறுநீரகம். வேலூர் சி.எம்.சி.யில் 1971இல் நாட்டின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று நடந்தது. சித்தூர் ஜில்லாக்காரர்களுக்கு அது பக்கத்து ஊர்ப் பெருமை. மாற்று உறுப்பை உடம்பு ஏற்காதபோது வேலை செய்வது டி செல்லின் கிரான்சைம் பி என்ற நொதி. பெர்ஃபோரின் என்ற கூட்டாளி அணுவில் ஓட்டை போடும், கிரான்சைம் உள்ளே நுழைந்து அணுவைத் தற்கொலைக்குத் தூண்டும். இதைக் கண்டுபிடிக்க ஊசி குத்தித் துணுக்கு எடுக்க வேண்டுமா, சிறுநீரிலேயே பார்க்க முடியாதா என்று கேட்டவர் நியூயார்க்கில் உள்ள மாணிக்கம் சுதந்திரன். அவரது குழு 2001இல் 85 நோயாளிகளின் 151 சிறுநீர் மாதிரிகளை எடுத்து, அந்த இரண்டையும் தயாரிக்கச் சொல்லும் மரபுத் தூது மூலக்கூறுகளை அளந்தது. நிராகரிப்பு நடக்கும் உறுப்பிலிருந்து வந்த சிறுநீரில் அவை தூக்கலாக இருந்தன. குப்பம் லேபின் ஊதாச் சதுரத்துக்கு இது பெரிய அண்ணன்.

சித்தப்பாவைக் குப்பத்துக்கு அனுப்பினேன். கல்ச்சரில் எதுவும் வளரவில்லை. (ஆன்டிபயாட்டிக் போட்ட பிறகு எடுத்ததால் அதை முழுதாக நம்ப முடியாது என்று டாக்டர் முணுமுணுத்தாராம், சரியான முணுமுணுப்பு.) கிரியேட்டினின் 1.9. வலி மாத்திரையை நிறுத்தி, நீர் மாத்திரையையும் நிறுத்தி, தண்ணீர் எவ்வளவு என்று எழுதிக் கொடுத்து, மூன்று வாரம் கழித்து வரச் சொன்னார்கள். முட்டிக்குப் பாராசிட்டமாலும் வெந்நீர் ஒத்தடமும்.

நேற்று அடுத்த சீட்டு வாட்ஸ்அப்பில் வந்தது. லூக்கோசைட் இல்லை. பஸ் செல்ஸ் 2–3. ஐந்து வரை யாருக்கும் இருக்கும். கிரியேட்டினின் 1.2. படத்துக்குப் பின்னாலேயே போன்.

“எல்லாம் சரியாப் பூடுச்சுல்ல? முட்டி உயிர் போவுதுடா. இப்ப அந்த மாத்திரையப் போட்டுக்கலாமா?”